பலாமர வளைவின் வெளிச்சம்

"அக்கா, வெளிச்சம் பத்தல."

"யாருக்கு?"

தங்கபுஷ்பத்துக்குக் கேள்வி புரியவில்லை. அவள் சொன்னது வண்டியின் ஹெட்லைட்டைப் பற்றி. அதில் யாருக்கு என்று கேட்க என்ன இருக்கிறது?

"எனக்குத்தான். ஓட்டுறது நான்தானே."

அக்கா முறத்தை மடியில் வைத்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

*

பனிச்சமலையின் மேலே, மன அமைதி தேடுகிறவர்கள் வந்து போகும் அக்காவின் குடில் இருந்தது. அக்காவின் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. தங்கபுஷ்பத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அக்காவுக்கு நாற்பதுகூட இருக்காது. இருந்தாலும் இவளும் அக்கா என்றுதான் கூப்பிட்டாள். அக்கா இவளைப் புஷ்பம்மா என்றார்.

மனசு ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது என்று சொல்லிக்கொண்டு மலையேறி வந்தவள் தங்கபுஷ்பம். அதற்கு முன் கீழே ஊரில் பள்ளிக்கூட வேன் ஓட்டிப் பிழைத்தாள். அதைக் கேட்டதும் அக்கா ஒரு சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். குடிலின் பழைய வண்டிச் சாவி. உயரமான, பெரிய வண்டி. பின்னால் எதிரெதிராக இரண்டு நீள சீட்டு.

"இங்க பொம்பளைங்க காய் போடுறாங்க. விடியறதுக்குள்ள கீழ சந்தையில இருக்கணும். கொண்டு போய் விடுங்க."

"அப்புறம்?"

"சாயங்காலம் கூட்டிட்டு வாங்க."

அவ்வளவுதான் உபதேசம். வருஷங்கள் போயின. வேறு ஒன்றும் வரவில்லை.

*

விடியுமுன் மலை வேறாக இருக்கும்.

மேகம் மரங்களுக்கு நடுவே இறங்கி நின்று தூங்கும். வண்டி அதன் வயிற்றுக்குள் போகும். பின்னால் பெண்கள் பேசிக்கொண்டே தூங்குவார்கள், தூங்கிக்கொண்டே பேசுவார்கள். அவர்கள் காலடியில் பீன்ஸ் மூட்டையும் கேரட் மூட்டையும் ஈரமாக மணக்கும். ரோடு எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. இரண்டு மஞ்சள் பொட்டுகள் முன்னால் போகும். அவற்றின் பின்னால் தங்கபுஷ்பம் போவாள்.

இத்தனை பேரும் என்னை நம்பித் தூங்குகிறார்களே என்று அவளுக்குப் பயம். பள்ளத்துக்கு மேலே ஒரு நட்சத்திரம் தெரிந்தாலும் எதிரே லாரி வருகிறதோ என்று பிரேக்கை மிதிப்பாள்.

பலாமர வளைவில் மட்டும் ஒரு குரல் வரும்.

"ஏ புஷ்பம்! ஒதுங்கு!"

மீன்காரன் சூசை. கீழேயிருந்து மொபெட்டில் ஐஸ் பெட்டியோடு ஏறி வருகிறவன். முகம் தெரியாது. ஒரு சின்ன விளக்கு, மீன் வாசம், ஒரு குரல். மூன்றும் கடந்துபோய்விடும்.

"நீ ஒதுங்கு! மீன் நாத்தம் குடிலு வரைக்கும் வருது!"

"மீன் ஆகாதுன்னு சொல்லு. மீன்காரனும் ஆகாதா?"

அவள் பதில் யோசிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். எல்லா நாளும் அவன்தான் ஜெயிப்பான்.

*

"தொடச்சீங்களா?" என்று அன்று அக்கா கேட்டார்.

"எதை?"

அக்கா முறத்தடியில் கிடந்த ஈரத்துணியை எடுத்து அவள் பக்கம் எறிந்தார்.

தங்கபுஷ்பம் போய்ப் பார்த்தாள். ஹெட்லைட் டூம் இரண்டும் கண்புரை விழுந்த மாதிரி மஞ்சளாக மங்கியிருந்தன. தண்ணீர் ஊற்றி, உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, பிறகு பற்பசை போட்டும் தேய்த்தாள். சாயங்காலத்துக்குள் கண்ணாடி தெளிந்தது.

வெளிச்சமும் கொஞ்சம் கூடியது. கொஞ்சம்தான். பயம் அப்படியே இருந்தது.

*

அடிவாரத்தில் மரியதாஸ் கடை. வண்டிகளுக்கு ஒயரிங் வேலை, லைட் வேலை. ஓயாமல் பேசுகிற மனிதர்.

"எச்.ஐ.டி. பல்பு போடணும்" என்றாள் தங்கபுஷ்பம். "பகல் மாதிரி இருக்குமாமே."

"இருக்கும், டிரைவரம்மா. ஆனா உங்க டூமு பழைய பல்புக்குன்னு செஞ்சது. அதுக்குள்ள இதைத் திணிச்சா வெளிச்சம் கண்டபடி தெறிக்கும்."

"தெறிச்சா தெறிக்கட்டும். எனக்கு ரோடு தெரியணும்."

"உங்களுக்குத் தெரியும். எதிர வர்றவனுக்கு?"

"எதிர வர்றவன் அவன் லைட்டைப் பாத்துக்கட்டும்."

மரியதாஸ் சிரித்தார். "உங்க குடில்ல இதைத்தான் சொல்லித் தர்றாங்களா?"

"போடுறீங்களா, வேற கடைக்குப் போகவா?"

போட்டுக் கொடுத்தார்.

*

மறுநாள் விடியுமுன் அவள் சாவியைத் திருப்பி விளக்கைப் போட்டாள். மலை எழுந்து உட்கார்ந்தது.

மின்னல் ஒன்றைப் பிடித்துக் கட்டிப்போட்ட மாதிரி நீலமும் வெள்ளையுமான வெளிச்சம். இலையின் நரம்பு தெரிந்தது. சிலந்தி வலையில் பனித்துளி தெரிந்தது. தான் இத்தனை வருஷமும் கனவில் ஓட்டிக்கொண்டிருந்ததாகவும் இன்றுதான் விழித்ததாகவும் அவளுக்குத் தோன்றியது.

ரோட்டு நடுவில் ஒரு முயல் இருந்தது. ஓடவில்லை. அவள் ஹாரன் அடித்தாள். அப்போதும் ஓடவில்லை. விளக்கை அணைத்தாள். இருட்டில் சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. மறுபடி விளக்கைப் போட்டபோது முயல் இல்லை.

சாயங்காலம் அக்காவிடம் ஓடினாள்.

"அக்கா, எல்லாம் தெரியுது! முயலோட மீசை தெரியுது!"

"முயலுக்கு என்ன தெரிஞ்சது?"

தங்கபுஷ்பத்துக்கு எரிச்சலாக வந்தது. இவரிடம் ஒரு சந்தோஷத்தைக்கூடச் சொல்ல முடியவில்லை.

*

முதல் நாள் சூசை எதிரே வரவில்லை; மறுநாள் விடியுமுன் பலாமர வளைவில் "ஏ புஷ்பம்" என்று குரல் தொடங்கியது. பெயர் முடியவில்லை.

சின்ன விளக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு அது வானத்தைப் பார்த்தது. பிறகு அணைந்தது.

தங்கபுஷ்பம் வண்டியை நிறுத்தினாள். அவள் வெளிச்சத்தில் தேயிலைச் செடிகள் மேலெல்லாம் மீன்கள் கிடந்தன. வெள்ளி வெள்ளியாக. செடியில் காய்த்த மாதிரி. அத்தனை அழகான, அத்தனை பயங்கரமான எதையும் அவள் பார்த்ததில்லை.

பெண்கள்தான் இறங்கி ஓடினார்கள். சூசையைத் தூக்கி வந்து மூட்டைகள் மேல் கிடத்தினார்கள். கால் எலும்பு முறிந்திருந்தது. அவள் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வரை திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"சாமி பாக்க எல்லாரும் மலைக்கு வர்றாங்க. எனக்கு வளைவுலயே ஜோதி காட்டிட்டியே, புஷ்பம்."

வலியில் அவன் சொன்ன வேடிக்கைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அவன் மாவுக்கட்டோடு படுத்திருந்த காலம் முழுக்க அவள் போய்ப் பார்க்கவும் இல்லை. போக வேண்டும் என்று தினமும் கிளம்புவாள். அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தினமும் திரும்பிவிடுவாள்.

*

"கழட்டிப் போடுங்க" என்றாள் மரியதாஸிடம்.

"கழட்டினா பழையபடி பள்ளம் தெரியாது. பொம்பளைங்களை உருட்டி விடப் போறீங்களா?"

"அப்ப என்ன செய்ய?"

"விளக்கு மேல தப்பு இல்ல, டிரைவரம்மா. அது உக்காந்திருக்கிற இடம் தப்பு. புரொஜெக்டர்னு ஒண்ணு இருக்கு. முன்னால உருண்டைக் கண்ணாடி. உள்ள குறுக்கால ஒரு தகடு நிக்கும். மேல போற வெளிச்சத்தை அது மறிச்சிரும். ரோட்டுல விழுறது மட்டும்தான் வெளிய வரும்."

"மறிக்கிறதுக்கா இவ்வளவு வெளிச்சம்?"

"ஆமா. இந்த நீலமும் வேணாம். பனியில சுவரு மாதிரி நிக்கும். கொஞ்சம் மஞ்ச கலந்த வெள்ளையாப் போடுறேன். நாளைக்கு வண்டியைக் கொண்டாங்க."

பட்டறைக்கு வண்டி விடுவதென்றால் தங்கபுஷ்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளே ஒரு துரும்பு இருக்க விடமாட்டாள். எது தொலையுமோ, எதில் கிரீஸ் படுமோ என்று கவலை. சாக்கு, மிதியடி, ஜாக்கி, ஸ்டெப்னி டயர், எல்லாம் இறக்குவாள். சாமி படத்தின் முன்னால் இருக்கும் எலுமிச்சம்பழத்தையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வாள். பிறகு வண்டியைக் கழுவி, துடைத்து, கல்யாணப் பெண்ணைப் போலக் கொண்டுபோய் நிறுத்துவாள்.

அப்படியே நிறுத்தினாள்.

மரியதாஸ் வேலை முடிந்ததும் கடைச் சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். திருகைத் திருகி வெளிச்சத்தை இறக்கினார். கோட்டுக்குக் கீழே பகல். கோட்டுக்கு மேலே இருட்டு. கத்தியால் வெட்டின மாதிரி.

"இனி யார் கண்ணுலயும் அடிக்காது."

தங்கபுஷ்பம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாக மூச்சு வந்தது.

*

மறுநாள் விடியுமுன் எதிரே முதல் பஸ் வந்தது. பட் பட்டென்று விளக்கை அணைத்துப் போட்டது. பக்கத்தில் வந்து நின்றது.

"ஏம்மா! டிம் போடு!" என்றார் டிரைவர்.

"டிம்முலதான் இருக்கு!"

"இதுக்குப் பேரு டிம்மா? கண்ணுல ஊசி ஏத்துற!"

அதற்கடுத்து பால் வண்டிக்காரரும் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு கத்தினார். அடுத்த நாளும் அதே கதை.

சாயங்காலம் பெண்களை இறக்கிவிட்டு, வண்டியைக் கூட்டிச் சுத்தம் செய்து, குடிலின் சமையற்கட்டுச் சுவருக்கு எதிரே நிறுத்திப் பார்த்தாள். கோடு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. இம்மி பிசகவில்லை. மரியதாஸையே வரவழைத்துக் காட்டினாள். அவரும் பார்த்தார், தலையைச் சொறிந்தார், சரியாத்தானே இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மறுபடி திட்டு.

திட்டு வாங்கியே இரண்டு மாதம் போன பிறகு பஞ்சவர்ணம் ஒரு சேதி கொண்டுவந்தாள். சந்தைப் பெண்களில் அவள்தான் பருமன், அவள்தான் வாய்க்காரி.

"சூசைக்குக் கட்டுப் பிரிச்சாச்சு. திங்கக்கிழமையிலேருந்து மறுபடி மீன் கொண்டு வர்றானாம்."

தங்கபுஷ்பம் எழுந்து போய் ஹெட்லைட்டை மறுபடி துடைத்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை அவள் அக்காவின் முன்னால் போய் நின்றாள். அக்கா அன்றும் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

அவள் முறத்தில் சாவியை வைத்தாள்.

"நான் ஓட்டல, அக்கா."

அக்கா சாவியை எடுக்காமல் உரித்துக்கொண்டே இருந்தார். மொச்சைகள் சாவியின் மேல் விழுந்தன.

"சுவத்துல சரியா இருக்கு. ரோட்டுல தப்பா இருக்கு. சுவரு பொய் சொல்லுதா, ரோடு பொய் சொல்லுதா? எனக்குத் தெரியல. நாளைக்கு அவன் வருவான். மறுபடி நான் அவனைத் தள்ளிவிட்டா? இந்தத் தடவை காலோட நிக்காது."

வாசலில் நின்ற பஞ்சவர்ணம் குறுக்கே புகுந்தாள். "நீ ஓட்டலன்னா எங்க காயை யாரு கொண்டு போவா? தலையில வெச்சுக்கிட்டு நடக்கவா? போய்ச் சேர்றதுக்குள்ள மதியம் ஆயிரும், அழுகிப்போயிரும்."

"அழுகட்டும்! ஆள் சாகறதுக்கு அது தேவலை!"

"அக்கா, இவளுக்கு எதாவது சொல்லுங்க."

அக்கா சொன்னார். தங்கபுஷ்பத்திடம் அல்ல.

"பஞ்சவர்ணம், சூசையைப் பொழுது சாய வரச் சொல்லு. நாளைக்குப் போற மூட்டையை எல்லாம் இன்னைக்கே இங்க கொண்டாங்க. நீங்களும் எல்லாரும் வாங்க."

தங்கபுஷ்பத்துக்கு அங்கிருந்து எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது.

*

பொழுது சாய மேகம் குடிலுக்குள் வந்துவிட்டது. செம்பருத்திச் செடி பாதி இருந்தது, பாதி இல்லை. மனிதர்கள் பேசிக்கொண்டே தோன்றினார்கள்.

"எங்க அந்த ஜோதி அம்மா?"

சூசை. ஒரு கையில் கம்பு ஊன்றியிருந்தான். தங்கபுஷ்பம் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

சமையற்கட்டின் வெள்ளைச் சுவரோரம் அக்கா ஒரு ஸ்டூலைப் போட்டார்.

"மொபெட்டுல உக்கார்ற மாதிரி உக்காருங்க, அண்ணே."

"எதுக்கும்மா? போட்டோ எடுக்கவா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தான்.

அக்கா முறத்திலிருந்து சாவியை எடுத்து, ஒட்டியிருந்த மொச்சைத் தோலை ஊதிவிட்டு, நீட்டினார்.

"லைட்டைப் போடுங்க, புஷ்பம்மா."

போட்டாள். வண்டி காலியாக நின்றது. கோடு சூசையின் நெஞ்சுக்குக் கீழே விழுந்தது. அவன் முகம் இருட்டில் இருந்தது.

"உறுத்துதா?" என்று கேட்டார் அக்கா.

"சட்டைப் பொத்தானுக்குத்தான் உறுத்தும். எனக்கு ஒண்ணுமில்ல."

"பாத்தீங்களா!" என்றாள் தங்கபுஷ்பம். அழுகை வந்தது. "சரியாத்தான் இருக்கு. நான் என்னதான் செய்ய?"

அக்கா பெண்களைப் பார்த்தார்.

"ஏறுங்க."

முதலில் மூட்டைகள் ஏறின. பீன்ஸ் மூட்டை, கேரட் மூட்டை, முட்டைக்கோஸ் மூட்டை. பிறகு பெண்கள் ஒவ்வொருவராகப் பின்னால் ஏறினார்கள். மேகத்திலிருந்து வந்து வண்டிக்குள் போனார்கள். ஒவ்வொருத்தி ஏறும்போதும் வண்டி பின்பக்கம் கொஞ்சம் உட்கார்ந்தது, முன்பக்கம் நிமிர்ந்தது. அடியில் பழைய வில்பட்டை முனகியது.

தங்கபுஷ்பம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோடு நகர்ந்தது.

நெஞ்சுக்கு வந்தது. கழுத்துக்கு வந்தது. பஞ்சவர்ணம் காலை எடுத்து வைத்தபோது தாடைக்குத் தாவியது.

"ஆத்தாடி! நான் ஏறினா வெளிச்சமே ஏறுதே!" என்றாள் அவள் உள்ளேயிருந்து. பெண்கள் குலுங்கிச் சிரித்தார்கள். சுவரில் வெளிச்சமும் குலுங்கியது.

கடைசியாக அக்கா வந்தார். இரண்டு மூட்டைகளுக்கு நடுவே இடம் பார்த்து, பஞ்சவர்ணத்தின் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார்.

கோடு சூசையின் கண்ணுக்கு மேலே போயிற்று.

அவன் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான். விழுந்த அன்று அப்படித்தான் மறைத்திருப்பான். கம்பு நழுவிக் கீழே விழுந்தது.

சிரிப்பு நின்றது.

தங்கபுஷ்பம் வண்டியைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். இறக்கி வைத்த ஸ்டெப்னி டயர் ஞாபகம் வந்தது. முந்தானையில் முடிந்த எலுமிச்சம்பழம் ஞாபகம் வந்தது.

"காலி வண்டியிலதானே அளந்தேன்..." என்றாள். யாரிடமும் சொல்லவில்லை.

மூட்டைகளுக்கு நடுவிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"காலியா என்னைக்கு ஓட்டினீங்க?"

*

அவள் பானெட்டைத் தூக்கினாள். ஸ்குரூ டிரைவரை எடுத்தாள். டூமுக்குப் பின்னால் இருந்த திருகைத் தேடிப் பிடித்தாள்.

உள்ளே எல்லாரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். மூச்சு விட்டால் கோடு நகர்ந்துவிடுமோ என்பது போல.

அவள் திருகினாள். ஒரு பக்கம். மறு பக்கம்.

வெளிச்சம் இறங்கியது. கண்ணை விட்டது. மூக்கை விட்டது. தாடையை விட்டது. கழுத்து வழியாக இறங்கி, நெஞ்சுக்குக் கீழே போய், சட்டைப் பொத்தானில் நின்றது.

சூசை மெல்லக் கையை எடுத்தான். கண்ணைக் கசக்கினான். விளக்கின் அருகே குனிந்து நின்றவளைப் பார்த்தான். இத்தனை வருஷமும் அவனுக்கு அவள் ஒரு குரல்தான்.

"ஏ புஷ்பம்," என்றான், "நீ மூக்குத்தி போட்டிருக்கியா?"